இரண்டாம் கசட்டு முதலில் வந்த நத்தார்

நன்றாக எழுதுகிறவர்கள் இருக்க நான் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திரையும் கதிரையும் வாடகைக்கு விடுவதுதான் எங்கள் பிழைப்பு. கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு முதல் நாள், மாதா கோயில் வளவில் டிக்கெட்டுக்குப் படம் போட ஜெனரேட்டரை இயக்கிப் பார்த்தோம்.

“எல்லாப் படமும் போனுக்க கிடக்கு. ஆரம்மா வரப்போற? இந்த முறையும் ஆள் இல்லாட்டித் திரைய வித்திருவம்” என்றாள் மகள்.

ஜெனரேட்டர் புகை மூக்கில் ஏறியதும் தேற்றாத்தீவில் எங்கள் பழைய வீட்டு வளவு கண்ணுக்குள் வந்தது. ஊரில் கரண்ட் இல்லாத காலம். நத்தார் விடுமுறையில் அப்பா டீவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்துப் படம் காட்டுவார். ஒரு படத்துக்கு இரண்டு கசட்டு. அயலூர் குருக்கள்மடத்தில் ஓடி முடிந்த கசட்டு சைக்கிளில் எங்களுக்கு வரும். ஒருமுறை அங்கே ஜெனரேட்டர் நின்று, முதல் கசட்டு முடியவில்லை. எடுக்கப் போன சித்தப்பா சும்மா கிடந்த இரண்டாவதைக் கொண்டுவந்துவிட்டார்.

சனம் பாயைச் சுருட்டத் தொடங்கியது. அம்மாதான் முன்னே வந்தா.

“இரிங்க கா எல்லாரும். முதல்ல முடிவப் பாருங்க, பிறகு தொடக்கம் வரும்.”

“முடிவுல ஆள் செத்தா, திரும்பி வருவானா மச்சாள்?” என்றார் சனத்துக்குள் ஒருவர்.

“வருவான். அதுக்குத்தான் இரிக்கச் சொல்றன்.”

கதாநாயகன் செத்தான், எல்லோரும் அழுதார்கள். பிறகு வந்த கசட்டில் அவன் பாடிக்கொண்டு நுழைந்தபோது வளவு முழுக்க விசில்.

“படம் போடுறம்” என்று மகளிடம் சொன்னேன்.

மறுநாள் மழை பெய்தது. திரையைக் கோயில் மண்டபத்துக்குள் கட்டினோம். பாதிக் கதிரை நிறைந்தது. திரையை விற்கவில்லை.