ரோல்ஸ் குசினியின் கடைசி ராணி

எமில்டா பிரெஞ்சுப் புரட்சிக்குள் போய் விழுந்தது வெறும் வெட்கத்தினால்தான். லண்டன் குரொய்டனில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனவள், ஒரு கதவு தள்ளி நுழைந்து முன் வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சரித்திர வகுப்பு என்று விளங்கியது. எழும்பிப் போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே! பிழையான பஸ்ஸில் ஏறினவர்கள் அடுத்த தரிப்பில் இறங்கிவிடுவார்கள். எமில்டா அந்தப் பஸ்ஸிலேயே ஒரு தவணை முழுக்கப் போய் வந்தாள்.

இதில் பகிடி என்னவென்றால், அவள் யாழ்ப்பாணத்துப் பாசையூரிலிருந்து முதலில் போய்ச் சேர்ந்ததே பாரிசுக்குத்தான். அங்கே ஹோட்டல் அறைகள் துடைத்த காலத்தில் ஜூலை பதினாலாம் தேதி லீவு விடுவார்கள். அவள் அன்றைக்கு வீட்டில் உடுப்புத் தோய்ப்பாள். இரவில் வெளியே வாணவேடிக்கை நடக்கும். யாரோ ஒரு புனிதரின் பெருநாளாக்கும் என்று நினைத்துச் சிலுவை போட்டுவிட்டுப் படுத்துவிடுவாள். சனங்கள் சிறையை உடைத்த நாள் அது என்று தெரிந்துகொள்ள அவள் கடல் தாண்டி லண்டனுக்கு வரவேண்டியிருந்தது.

தெரிந்த பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. பெட்ரோல் ஷெட் வேலை முடித்துக் களைத்து வரும் கணவன் சூசைதாசனுக்குச் சோற்றோடு சேர்த்து வேர்சாய் மாளிகையும் பரிமாறப்பட்டது.

“இஞ்சேருங்கோ, அந்த ராசா காலமை எழும்பினால் சட்டை போட்டுவிடுறதுக்கே ஒரு கூட்டம் பிரபுமார் வரிசையில நிப்பினமாம்.”

“எனக்கு ஒரு சோடி சொக்ஸ் தேடித்தர ஆளில்லை.”

“கடவுள்தான் தன்னை ராசாவாக்கினவர், ஒருத்தரும் தன்னைக் கேள்வி கேக்கேலாது எண்டு சொல்லுவாராம். பிறகு கொஞ்சப் பேர் கோப்பிக் கடையளிலயும் பெரிய வீட்டுப் பொம்பிளையளின்ர விறாந்தையிலயும் இருந்து கேட்டிருக்கினம், உனக்கு இந்த அதிகாரத்தை ஆர் குடுத்ததெண்டு.”

அந்தக் கடைசிக் கேள்வி எமில்டாவுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. புது மோதிரம் போல அதைப் போட்டுக்கொண்டு திரிந்தாள். ஒருநாள் சூசைதாசனிடமே, “ரிமோட்டை உங்களுக்கு ஆர் குடுத்தது?” என்று கேட்டாள்.

“நீர்தான். கிறிஸ்மசுக்கு ரீவியோட சேர்த்து வாங்கித் தந்தனீர்,” என்றான் அவன். புரட்சி அன்றைக்கு அதோடு முடிந்தது.

ஜூலை வந்தது. தமிழ்ப் பள்ளியின் விளையாட்டுப் போட்டியும் வந்தது. மைதானத்துக்குப் பக்கத்து மண்டபக் குசினியில், இறைச்சியும் கிழங்கும் வைத்துச் சுற்றிப் பொரிக்கிற மட்டன் ரோல்ஸ் செய்து விற்பது வழக்கம். அந்தக் குசினிக்கு எமில்டாதான் பொறுப்பு. ஒவ்வொரு வருடமும் கூட்டத்தில் யாராவது, “பழைய ஆக்களே இருக்கட்டும்,” என்பார்கள். எல்லோரும் கை தட்டுவார்கள். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல நம்மவர்களுக்கு எப்படி வாய் வரும்?

அங்கே உப்புப் பார்க்கும் உரிமை எமில்டாவின் நாக்குக்கு மட்டும். மிளகாய்த்தூள் டின் அவள் இடுப்பை விட்டு நகராது. ரோல் கோணலாய் இருந்தால் அதை உயர்த்திப் பிடித்து, “இதை ஆர் சுத்தினது?” என்பாள். சுற்றினவள் உருளைக்கிழங்கு உரிக்கப் போகவேண்டும்.

போட்டிக்கு முந்திய கிழமை, ருசி பார்க்கக் கொஞ்ச ரோல் செய்ய எல்லோரும் கூடிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது எமில்டா வகுப்பை அவிழ்த்துவிட்டாள். “சட்டம் போடுற ஆள், நடத்துற ஆள், தீர்ப்புச் சொல்லுற ஆள், மூண்டும் ஒரே ஆளாயிருக்கக் கூடாதாம். அப்பிடியிருந்தால் சனம் மூச்சுவிடேலாது.”

கமலேஸ்வரி கத்தியை வைத்தாள். பக்கத்துத் தோர்ண்டன் ஹீத்தில் அவள் வாய்க்குக் கவுன்சில்காரரே பயம்.

“அக்கா, அப்ப இந்தக் குசினியில அந்த மூண்டு பேரும் ஆர்?”

யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். தண்ணீர்க் குழாய் தன்பாட்டில் ஓடியது. எமில்டா மிளகாய்த்தூள் டின்னைப் பார்த்தாள். அது அவள் கையில்தான் இருந்தது.

அன்றிரவு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போஸ்ட் ஒபிசில், டொக்டரிடம், மகள் ஜெனிற்றாவின் பள்ளியில், எங்கே போனாலும் அவளுக்காக வேறு யாரோதான் பேசுவார்கள். பாதி நேரம் பதின்மூன்று வயது ஜெனிற்றாதான். இந்த முழு லண்டனிலும் அவள் சொன்னால் நாலு பேர் கேட்கிற இடம் அந்தக் குசினி ஒன்றுதான். அதுவும் போனால் அவள் யார்?

ஆனால் வகுப்பில் ரீச்சர் சொன்னதும் மண்டைக்குள் நின்று குடைந்தது. சனங்களைக் கூட்டிக் கேட்காமலே அந்த நாட்டு ராசாக்கள் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஓட்டினார்களாம். கடைசியில் கஜானா காய்ந்த பிறகுதான் கூட்டினார்களாம். முதலே கேட்டிருந்தால் கழுத்தாவது தப்பியிருக்கும் என்று எமில்டா தன்பாட்டில் தீர்ப்பெழுதினாள்.

வெள்ளிக்கிழமை குசினிக்கு ஒரு வெறும் பால்மா டின்னோடு வந்தாள்.

“கை தட்டுற வேலை வேண்டாம். நான் இருக்கவேணுமெண்டால் ஒரு பருப்பு. ஷோபா வரவேணுமெண்டால் ஒரு கடலை. பொத்தின கையோட டின்னுக்குள்ள போடுங்கோ. ஒருத்தரும் பாக்கமாட்டினம்.”

மலேசியாவிலிருந்து படிக்க வந்து, கணக்காளராகி இங்கேயே தங்கிவிட்ட ஷோபா திடுக்கிட்டாள். “ஐயோ அக்கா, நான் எப்போ கேட்டேன்?”

“நீர்தானே போன வருசம் காரம் குறைப்பமெண்டு வாய் திறந்தனீர்? பொறுப்பெடுக்க அவ்வளவும் காணும்.”

எமில்டாவுக்கு உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. இத்தனை வருடம் கை தட்டின கைகள்தானே இவை? கடைசியாகத் தன் பருப்பையும் போட்டுவிட்டு டின்னைத் தட்டில் கவிழ்த்தாள்.

தட்டு முழுக்கக் கடலை. நடுவில் இரண்டே இரண்டு பருப்பு.

எமில்டாவின் காது சூடாகியது. பிறகு டின்னைத் துடைத்தாள், மிளகாய்த்தூளை எடுத்து ஷோபாவின் கையில் வைத்தாள்.

“தலையை மட்டும் விட்டிடுங்கோ, பிள்ளையள். வெட்டினால் கண்ணாடி போட இடமில்லாமல் போயிடும்.”

குசினி வெடித்துச் சிரித்தது. எமில்டாவும் சிரித்தாள். கண் துடைத்ததற்கு வெங்காயத்தைக் காட்டினாள். அங்கே அந்த நேரம் வெங்காயம் ஒருவரும் வெட்டவில்லை.

சனிக்கிழமை அவளுக்கு வேலையில்லை. மைதான ஓரத்தில் நீளமான மடக்குக் கதிரையில், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருடமும் போட்டியை அவள் குசினி யன்னல் வழியாக வெறும் சத்தமாகத்தான் கேட்டிருக்கிறாள். வெயில் முதுகில் இதமாய் விழுந்தது. பக்கத்தில் சூசைதாசன் வாய் திறந்தபடி நித்திரை.

நானூறு மீற்றர் ஓட்டத்துக்கு ஜெனிற்றா வந்து நின்றாள். வருடா வருடம், “அம்மா, நான் நாலாவது!” என்று வந்து சொல்லுவாள். எமில்டாவும் ரோலை எண்ணெய்க்குள் விட்டபடியே, பரவாயில்லை, நல்லாய் ஓடுகிறாள் பிள்ளை என்று நினைத்துக்கொள்வாள்.

இப்போது கோட்டில் நின்றவர்களைப் பார்த்தாள். நாலே நாலு பேர்.

விசில் ஊதியது. மற்ற மூவரும் பறந்தார்கள். ஜெனிற்றா அவசரமே இல்லாமல், வழியில் யாருக்கோ கை காட்டிக்கொண்டு வந்தாள். பாதி வட்டத்தில் தாயைக் கண்டாள். குசினியில் இருக்கவேண்டிய அம்மா கதிரையில்! பிள்ளைக்குக் கள்ளம் பிடிபட்ட முழி.

எமில்டா எழும்பினாள். திருடியைப் பிடிக்கப் போகிறாள் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். அவளோ இரண்டு கையையும் வாயில் குவித்து, பாசையூர்க் கரைக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

“ஓடு பிள்ளை! விடாத! உன்ர நாலாம் இடத்தை ஒருத்தருக்கும் குடாத!”

ஜெனிற்றா வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே நாலாவதாய் வந்தாள்.

கமலேஸ்வரி ஒரு தட்டில் சூடான ரோல் கொண்டுவந்து நீட்டினாள். எமில்டா கடித்தாள். காரம் குறைவு. உப்பும் கொஞ்சம் யோசித்துப் போட்டிருக்கிறார்கள். ஆனால் இவ்வளவு வருடத்தில் அவள் உட்கார்ந்து தின்ற முதல் ரோல் அது.

“எப்பிடி அக்கா?”

“கோணல். ஆர் சுத்தினது?”

“நான்தான்,” என்றாள் கமலேஸ்வரி. பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தாள். “மற்றப் பருப்பும் நான்தான். உங்களுக்கு ஒண்டும் விழாதோ எண்டு பயமாக் கிடந்தது. அவளவைக்குச் சொல்லிப்போடாதேங்கோ, என்ர மரியாதை போயிடும்.”

எமில்டா கோணல் ரோலைப் பாதியாய்ப் பிய்த்துக் கமலேஸ்வரியின் கையில் வைத்துவிட்டு, நித்திரையில் சரிந்த சூசைதாசனைத் தள்ளிக் கதிரையில் அவளுக்கும் இடம் எடுத்தாள். அடுத்தது சாக்கு ஓட்டம்.