புகைபோக்கி என்று நான் சொன்ன கோபுரம்

சுவிஸின் ஆராவ் நகரில் இன்று எனக்குச் சொந்தக் கடை இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். யாழ்ப்பாணத்தில் மேசன் வேலை, இங்கே வந்து உணவகத்தில் கோப்பை கழுவல், பிறகு சமையல், பிறகு கடை. ஒருவரும் தூக்கிவிடவில்லை. அப்படிப்பட்ட எனக்கே எண்பதுகளில், கோப்பை கழுவிய காலத்தில், ஒருவனைக் கண்டால் வயிறு எரியும்.

அவன் ஈரானியன். என்னைப்போல அகதியாக வந்து என்னோடு கோப்பை கழுவினான். ஆனால் கட்டடக்கலை படித்தவன். கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு படம் ஒட்டியிருந்தான். வெட்டவெளியில் தனியே நிற்கும் செங்கல் கோபுரம், தலையில் கூம்புத் தொப்பி. முதலாளி வந்து வந்து அதைப் பார்ப்பார், அவனிடம் கேள்வி கேட்பார். அவனுக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்த என்னிடம் ஒரு நாளும் எதுவும் கேட்டதில்லை.

“எங்கட சீமெந்து ஆலையிலை இதைவிடப் பெரிய புகைபோக்கி நிக்குது,” என்றேன், எனக்குத் தெரிந்த டொச் மொழியில்.

அவனுக்குக் கோபம் வரவில்லை, சிரித்தான். பல நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசனுக்குக் கட்டிய சமாதியாம். உள்ளே வட்டம், வெளியே சுற்றிலும் கூர்மூலைகள். வெயில் நகர நகர நிழலும் மூலைக்கு மூலை நகருமாம். அதுதான் அலங்காரம் என்றான். பூச்சே கிடையாது. பூச்சில்லாத சுவரில் கோணலை ஒளிக்க முடியாது. கட்டியவன் கெட்டிக்காரன் என்று எனக்குத் தெரிந்தது.

சமாதிப் படத்தைக் கொண்டுவந்து சமையற்கட்டில் ஒட்டியிருக்கிறான் என்று மனைவியிடம் புறுபுறுத்தேன்.

“உங்களுக்குக் கோவம் படத்திலையோ, அந்தப் பெடியனிலையோ?” என்றாள்.

அந்தக் கோடையில் முதலாளி தன் தோட்டத்தில் இறைச்சி சுட ஒரு செங்கல் அடுப்புக் கட்ட நினைத்தார். என்னைக் கேட்பார் என்று காத்திருந்தேன். அவனைக் கேட்டார். அவன் அந்தக் கோபுரத்தையே சிறிதாக வரைந்து கொடுத்து, இதை இவரால்தான் கட்ட முடியும் என்று என்னைக் காட்டினான்.

கட்டினேன். நூல் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு, ஒவ்வொரு மூலையும் கத்தி போல. ஆராவில் வேறெவன் கட்டியிருப்பான்?

விருந்தன்று நெருப்பு மூட்டினார்கள். கூம்பின் உச்சியால் புகை வந்தது.

“நான் அப்பவே சொன்னனான், இது புகைபோக்கியெண்டு,” என்றேன். எல்லாரையும்விட அவன்தான் அதிகம் சிரித்தான். சிரித்தபடியே என் கையைப் பிடித்து உயர்த்தி, கட்டியவர் இவர் என்று விருந்தினருக்குச் சொன்னான். கை தட்டினார்கள்.

எவ்வளவு பெரிய மனசு இவனுக்கு என்று முதலாளி உருகிப்போனார். கட்டினது நான். அவர் கட்டிப்பிடித்தது அவனை.