துண்டுத்துணிப் போர்வையும் திருடிப் பட்டமும்

தையல் கடையில துணி மிச்சமானா கடைக்காரி திருடி, மிச்சமாகலைன்னா பெரிய திருடி. மெஷின் மிதிக்கிற அக்கா தங்கச்சிங்க எல்லாரும் இந்தப் பட்டத்தை எப்பவாவது வாங்கியிருப்பீங்க. கீழ்வேளூர் கடைத்தெருவுல பதினெட்டு வருஷமா ஜாக்கெட் தைக்கிற எனக்குப் போன ஆடியிலதான் கிடைச்சுது.

மூணு சாக்கு

ஜாக்கெட்டைக் கொடுக்கிறப்ப மிச்சத் துணியையும் சுருட்டி உள்ளே வச்சுக் கொடுக்கிறது என் வழக்கம். பாதிப் பேர் அதை எடுத்து மெஷின் மேலயே போட்டுட்டுப் போயிடுவாங்க. குப்பையில போட எனக்கு மனசு வராது. சாக்குல திணிச்சுத் திணிச்சு மூணு சாக்காச்சு, கால் வைக்க இடமில்லே.

ஆடியில கல்யாணம் கிடையாது, ஜாக்கெட் வேலை படுத்துக்கும். சரின்னு போர்வை தைக்க உட்கார்ந்தேன். இதைவிட லேசான வேலை கிடையாது, கேட்டுக்குங்க. ரெண்டரை இஞ்ச் அகலத்துக்குப் பட்டை பட்டையா வெட்டிக்கணும். கலரெல்லாம் பார்க்காம, கைக்கு வர்ற வரிசையில முனையோட முனை சேர்த்து ஒரே நாடாவா தச்சுக்கிட்டே போகணும். அந்த நாடாவை ரெண்டா மடிச்சு ஓரத்தைத் தைக்கணும். மடிஞ்ச முனையை வெட்டி விரிச்சுட்டு திரும்ப மடி, திரும்பத் தை. அஞ்சாவது மடிப்புல ஆள் படுக்கிற அகலம் வந்துடும். நடுவுல பழைய வேட்டி, அடியில பழைய நூல் புடவை, அவ்வளவுதான்.

முடிச்சு வாசல்ல தொங்க விட்டேன். பார்க்க அப்படி ஒரு அழகு! முதல்ல பார்த்தது மருந்துக்கடைக்காரர் சம்சாரம். ஒவ்வொரு பட்டையா தொட்டுப் பார்த்துட்டு முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டாங்க. "குப்பைன்னு நெனச்சுத்தானே விட்டுட்டுப் போனேன், இவ்வளவு நல்லா வரும்னு நீ ஏன் சொல்லலே?"

டீச்சர் வந்தாங்க

அடுத்த நாள் மேலத்தெரு டீச்சர். ஒரு காலத்துல பாதி ஊர் நெலம் அவங்க வீட்டோடது. நேரா போர்வைக்கு நடுவுல விரலை வச்சாங்க.

"இந்த அரக்குப் பட்டு என் ஜாக்கெட் துணியில்ல?"

"ஆமா டீச்சர். நீங்கதான் வேண்டாம்னு போட்டுட்டுப் போனீங்க."

"போட்டா எடுத்துக்கிறதா? இப்படி எடுத்துப் பழகின கை முழுத் துணியில மட்டும் சும்மா இருக்குமா?"

கடையில நாலு பொம்பளைங்க இருந்தாங்க. எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. ஆவணி முகூர்த்தத் துணி வர்ற நேரம், இந்தப் பேச்சு தெருவுல பரவினா ஒரு வீட்டுத் துணியும் வராது. ப்ளேடை எடுத்தேன். அவங்க கண்ணெதிர்லயே அந்தப் பட்டையைப் பிரிச்சுக் கையில கொடுத்தேன். பட்டை இருந்த இடத்துல உள்ளே வச்ச வேட்டி வெள்ளையா தெரிஞ்சுது.

டீச்சர் அந்தச் சாண் துணியை என்ன செய்யறதுன்னு தெரியாம முழிச்சாங்க. "இதை வச்சு நான் என்ன பண்றது? நான் நியாயத்துக்குச் சொன்னேன்!"

அடுத்த கடை அண்ணன்

பக்கத்துல பேன்ட் சட்டை தைக்கிற அண்ணன் நல்ல மனுஷன்தான், ஆனா பயந்தாங்கொள்ளி. தன்னோட மிச்சத் துணியையெல்லாம் பரண்ல போட்டுப் பூட்டி வச்சிருக்காரு. போர்வையைக் கழட்டச் சொல்லி மூணு தடவை வந்தாரு. நான் ஸ்டூல் போட்டு ஏறி இன்னும் ஒரு முழம் உசரத்துல கட்டினேன், பஸ்ஸுல போறவங்களுக்கும் தெரியட்டும்னு. ஓட்டை என்னன்னு கேட்டவங்களுக்கெல்லாம் ஒரே பதில்தான். "மேலத்தெரு டீச்சரைக் கேளுங்க."

அண்ணன் தலையில அடிச்சுக்கிட்டாரு. "திருடின்னு ஊரு சொல்லுது, நீ சாட்சியைக் கொண்டாந்து வாசல்ல கட்டுறியேம்மா!"

காளியம்மா அக்கா

நடவு முடிச்சு, சேத்துக் காலைக் கழுவிட்டு காளியம்மா அக்கா வந்தாங்க. வருஷத்துக்கு ஒரு ஜாக்கெட், பதினெட்டு வருஷமா என்கிட்டதான் தைக்கிறாங்க. பட்ட அவமானத்தையெல்லாம் அவங்ககிட்ட கொட்டினேன். கேட்டுக்கிட்டே போர்வையில எதையோ தேடிக்கிட்டு இருந்தாங்க.

"அது கெடக்கட்டும் மல்லிகா. என் துணி எங்க?"

பாலியஸ்டர் வழுக்கும், நூல் துணியோட சேராதுன்னு சொன்னேன். பாதி நிஜம். கண்ணைப் பறிக்கிற அந்த ஊதாவும் மஞ்சளும் போர்வையைக் கெடுத்துடும்னு நெனச்சு நான்தான் ஒதுக்கி வச்சேன். திருடின்னு சொன்னப்போ வராத வெட்கம் அப்ப வந்துச்சு. சாக்கைக் கொட்டி அவங்க பட்டை ஒண்ணைத் தேடி எடுத்தேன். எந்த ஓரத்துல சேர்க்கலாம்னு போர்வையைத் திருப்பிப் பார்த்துக்கிட்டு இருந்தேன். அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"ஓரத்துலதான் எங்களை எல்லாரும் வைக்கிறாங்களே, நீ நடுவுல வையி."

டீச்சர் பட்டை இருந்த ஓட்டையிலயே வச்சுத் தச்சேன். ஆவணியில டீச்சர் தன் பொண்ணோட கல்யாணத் துணியைத் தூக்கிக்கிட்டு வந்து, கூச்சப்பட்டுக்கிட்டே அந்த அரக்குப் பட்டையை நீட்டி, "நடுவுல இருக்கிற ஊதாவை எடுத்துட்டு இதை வச்சுடேன்"னாங்க; ஒரு தடவைக்கு மேல பிரிக்கிறதில்லே, ஓரத்துல வேணா இடம் இருக்குன்னு சொல்லிட்டேன், திருடிப் பட்டத்தோட திமிர் பிடிச்சவங்கிற பட்டமும் சேர்ந்து இருந்துட்டுப் போகட்டும்.