ஏழுமலை அண்ணன் ஊசியை நிறுத்திய வாரம்

1. கண்ணாடியில் தண்ணீர் இல்லை

எழுபதுகளின் தொடக்கத்தில் பொன்னேரி பக்கம் ஓர் அரிசி ஆலையில் நான் பாய்லருக்கு நெருப்பு போடும் ஃபயர்மேன். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பயம்தான் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தது. பாய்லரில் தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று கேஜ் கிளாஸ் காட்டும். சோற்றில் கை வைத்தபடிகூட அதை எட்டிப் பார்ப்பேன்.

ஒருநாள் காலை நாஷ்டா முடித்து வந்தால் கண்ணாடியில் தண்ணீரே தெரியவில்லை. அதற்கு நேர் எதிரே என் சீனியர் ஏழுமலை அண்ணன் உட்கார்ந்திருந்தார். கண் திறந்துதான் இருந்தது.

தண்ணீர் வற்றிக் காய்ந்த நிலைமையில் பச்சைத் தண்ணீரை உள்ளே விட்டால் பாய்லர் வெடித்துவிடும். உமி நெருப்பைக் கம்பியால் வெளியே இழுத்துப்போட்டேன்.

மேஸ்திரி ஓடிவந்தார். அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி இருப்பது ஆலைக்கே தெரியும். "சக்கரை மயக்கம்பா. இனிமே இவனை நெருப்பாண்ட விடாதீங்க, கேட்டாண்ட வாட்ச்மேனா குந்த வெச்சிடலாம்" என்றார். எல்லோரும் ஆமாம் போட்டார்கள். மயங்கியவன் கண்ணைத் திறந்து கேஜையே பார்த்துக்கொண்டிருப்பானா?

2. உரிக்காத புட்டி

அண்ணன் தன் இன்சுலின் புட்டியை பாய்லர் ரூமுக்குப் பின்னால், தண்ணீர்ப் பானையை ஒட்டி ஈரத்துணியில் சுற்றி வைத்திருப்பார். காலையில் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்துத் தானே போட்டுக்கொள்வார். அன்றைக்குப் போய்ப் பார்த்தேன். போன வாரம் வாங்கிய புட்டி. மூடிமேல் இருந்த தகடுகூட உரிக்கவில்லை.

ஏன் அண்ணே என்று கேட்டேன்.

"ஊசி போட்டா நாளைக்குப் பொழுது விடியும். விடிஞ்சு இன்னா பண்றது, நைனா?"

குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் என்னை உலுக்கியது.

வெள்ளிக்கிழமை பூஜைப் பொரியை, வெல்லம் கலந்தது என்பதால், அவர் உள்ளே போன பிறகுதான் பங்கு பிரிப்போம். டீயும் கடையிலிருந்து சர்க்கரை போட்டே வரும். அதையும் அவர் இல்லாத நேரம் பார்த்துக் குடிப்போம். பாவம், ஆசைப்படுவாரே என்றுதான். நல்லது செய்கிறோம் என்றே எல்லோருக்கும் நினைப்பு. அண்ணன் அதை வேறு மாதிரி எடுத்திருந்தார்.

"டாக்டர் சக்கரைன்னு சொன்ன அன்னிக்கே என்னைத் தல முழுகிட்டீங்க. நான் வந்தா பேச்சு நின்னுபூடுது. ஊட்லயும் அப்டித்தான்."

மேஸ்திரியிடம் சொன்னால் அண்ணன் வேலை போகும். சொல்லாவிட்டால் அவரே போய்விடுவார். இரண்டு நாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் லீவு போட்டு, அவரை ரயிலில் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

3. நான் உளறியது

ஊசியை விட்டதற்கு டாக்டர் அண்ணனைக் கடிந்துகொண்டு, பழைய அளவையே மறுபடி எழுதத் தொடங்கினார். அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இப்படியே வெளியே வந்துவிட்டால் மறுபடி அதே புட்டி, அதே ஈரத்துணி.

"சார், இவருக்கு உசுரோட இருக்கவே இஷ்டமில்ல சார்" என்று உளறிவிட்டேன்.

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். அண்ணனை உட்காரச் சொன்னார். சர்க்கரையோடு காலம் தள்ளுகிறவர்களில் சிலருக்கு மனசும் இப்படி இருண்டுபோகும், அது சோம்பேறித்தனமோ திமிரோ இல்லை, அதற்கும் வைத்தியம் உண்டு என்றார். மனநோய் பார்க்கும் டாக்டரிடம் அன்றைக்கே அனுப்பிவைத்தார்.

திரும்பும் ரயிலில், என் மானத்தை வாங்கிவிட்டாயே என்று அண்ணன் அடிப்பாரோ என்றுகூடப் பயந்தேன். மீஞ்சூர் தாண்டியதும் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டார்:

"மறுபடி எப்போ வரச் சொன்னாரு?"

ஒரே வாரத்தில் அவர் தேறிவிடவில்லை. மாதக்கணக்கில் ஆனது. நடுவில் எனக்கு நிம்மதி கிடையாது.

பிறகு கும்மிடிப்பூண்டி கம்பெனிக்கு மாறினேன். அங்கேயும் சர்க்கரைக்காரர்கள் இருந்தார்கள். மாத்திரை போட்டியா, ஊசி போட்டியா என்று எல்லோரும் கேட்பார்கள். திடீரென்று பேச்சு குறைந்துபோனவனை மட்டும் நான் தனியாக அழைத்து, உயிரோடு இருக்கப் பிடிக்கிறதா என்றே கேட்டுவிடுவேன். ஒவ்வொரு தடவையும் வியர்த்துப்போகும், தப்பாக எடுத்துக்கொள்வானோ என்று. ஒருத்தன் என்னை அசிங்கமாகத் திட்டினான். இன்னொருத்தன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான், ஷிஃப்ட் மணி அடித்தும் விடவில்லை.