காளி அக்கா கேட்ட ரத்தம்

எங்க அக்கா பேர் பத்திரகாளி. பேர் வைத்தவர்கள் யோசித்து வைக்கவில்லை, ஆனால் அளவெடுத்துத் தைத்த மாதிரி அமைந்துவிட்டது. கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற ரோட்டில் எங்க ஊர். அங்கிருந்து வேன் ஏறித் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய், உட்கார்ந்த இடத்திலேயே பண்டல் ஒட்டுவாள். கை மின்னல். கால்தான் சொல்பேச்சுக் கேட்காது.

தரையிலிருந்து எழுந்திருக்க வேண்டுமென்றால், முதலில் ரெண்டு கையையும் ஊன்றுவாள். பிறகு முழங்காலைப் பிடித்து, தொடையைப் பிடித்து, தன் உடம்பு மேலேயே ஏணி ஏறுகிற மாதிரி ஏறி நிமிர்வாள். யாராவது தூக்கப் போனால் போச்சு. "நான் என்ன உளுந்து மூடையா? கையை எடு." மழை பெய்தால் இன்னும் மோசம். கரிசல் மண் ஒவ்வொரு காலிலும் ஒரு செருப்பு, அதுக்கு மேல இன்னொரு செருப்பு என்று ஓசியாகப் போட்டுக்கொண்டே இருக்கும். நல்ல காலுக்கே மூச்சு வாங்கும். அன்றைக்கெல்லாம் அக்கா வாயில் வருகிற வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

எங்க அய்யா எங்க அம்மாவுக்குத் தாய்மாமன். அதற்கு முந்தின தலைமுறையிலும் இப்படித்தான். சொந்தத்துக்குள்ளேயே கொடுத்து, சொந்தத்துக்குள்ளேயே எடுத்து, வெளியாள் வாசலில் செருப்பைக் கழற்றவே இடமில்லாமல் பண்ணிவிட்டார்கள். அடுத்த வரிசையில் நின்றது நான், செண்பகம். எனக்குப் பத்தொன்பது. பத்தாவதை ரெண்டு தடவை எழுதினேன், ரெண்டு தடவையும் கணக்கு ஜெயித்தது. அதற்கப்புறம் வீட்டில் எனக்குப் போட்ட கணக்கு ஒன்றுதான். எங்க அம்மாவின் தம்பி ஆறுமுகசாமி மாமா மகன் முத்துசெல்வம்தான் மாப்பிள்ளை. அத்தான் கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனியில் இருந்தான். சும்மா சொல்லக்கூடாது, ஆள் நல்லாத்தான் இருப்பான்.

அந்தச் சமயத்தில்தான் சுந்தரேஸ்வரி மேடம் எங்க ஊருக்கு வந்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர். மதுரையில் வேலை. பரம்பரையாக வருகிற தசைச்சிதைவு, தின்ற சோற்றை உடம்பு சக்தியாக மாற்ற முடியாத பிறவிக் கோளாறு, இந்த மாதிரி நோயெல்லாம் எந்தெந்தக் குடும்பத்தில் எப்படி இறங்குகிறது என்று ஊர் ஊராகத் தேடுகிறவர். அக்காவின் ரத்தம் வேண்டும் என்று எங்க வீட்டுக்கும் வந்தார்.

அக்கா எடுத்த எடுப்பிலேயே கேட்டாள். "மேடம், என்னையக் குணமாக்கிருவீங்களா?"

"இப்ப முடியாதும்மா. பொய் சொல்ல மாட்டேன்."

"அப்ப எதுக்கு என் ரத்தம்?"

மேடம் கோபப்படவில்லை. "உன் காலுக்கு என்ன பேருன்னாவது தெரிய வேண்டாமா? இதுவரைக்கும் என்ன சொன்னாங்க?"

"சாமி குத்தம்னாங்க. வாதம்னாங்க. சோம்பேறின்னாங்க."

"இதுல எது உனக்குப் பிடிச்சிருக்கு?"

அக்கா சிரித்துவிட்டாள். கையை நீட்டினாள். "எடுத்துக்கோங்க. ஆனா முடிவை எங்கிட்டத்தான் சொல்லணும். எங்க மாமாகிட்டச் சொல்லி, அவிய எங்கிட்ட மறைக்கதுக்கில்ல."

மேடம் எங்க குடும்பத்தைப் படமாகப் போட்டார். சொந்தத்தில் கட்டினால் ரெட்டைக் கோடாம். எங்க படம் முழுக்க ரெட்டைக் கோடு. கோவில்பட்டி ஸ்டேஷனில் தண்டவாளம் கிடக்கிற மாதிரி கிடந்தது. செத்துப்போனவர்களைப் பற்றிக் கேட்டால் மாமா ஒரே பதில் வைத்திருந்தார். "பெரியப்பாவா? கால் தவறிக் கெணத்துல விழுந்துட்டாரு. அவர் தங்கச்சியா? அதுவும் படியில கால் தவறி." எங்க வம்சத்தில் ஒருத்தருக்கும் நோய் கிடையாது, எல்லாருக்கும் கால்தான் தவறும்.

அக்காவின் முடிவு வந்தது. தசைச்சிதைவுதான் என்று மேடம் நேரிலேயே வந்து சொன்னார். நம்ம உடம்பில் ஒவ்வொரு வேலைக்கும் அம்மா வழி ஒரு பிரதி, அப்பா வழி ஒரு பிரதி இருக்குமாம். ஒன்று கெட்டாலும் மற்றது ஓட்டிக்கொள்ளும். அக்காவுக்கு ரெண்டுமே கெட்டது. ஒரு கிணற்றில் ரெண்டு மோட்டார் போட்டிருக்கிற மாதிரி என்று அக்கா அதை எனக்கு விளக்கினாள். "ஒண்ணு புகைஞ்சா வெளிய தெரியாதுட்டி. தண்ணி வந்துக்கிட்டே இருக்கும். எனக்கு ரெண்டும் போச்சு."

எனக்கும் பார்த்தார்கள். ஒரு மோட்டார் காலி. ஆனால் நான் குதிரை மாதிரி ஓடுவேன்.

அன்று சாயங்காலமே அக்கா மாமா வீட்டுக்கு ஆட்டோ பிடித்துப் போனாள். "முத்துசெல்வம் ரத்தம் குடுக்கட்டும். முடிவு தெரியட்டும். அதுக்கு முன்னால செண்பகத்துக்குப் பூ வைக்கக் கூடாது."

மாமா உளுந்து மண்டி வைத்திருக்கிறவர். எடை போட்டே பேசுவார். "என் மவனுக்கு என்னட்டி கேடு? நாலு பேருக்குத் தெரிஞ்சா அடுத்து நிக்கிற என் பொண்ணை எவன் கட்டுவான்?"

"அந்த நாலு பேரை நானே கூட்டிட்டு வாரேன், உக்கார வச்சுச் சொல்லுவோம்."

மாமா பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தார். ஊர் முகாமில் வேண்டாம், நாங்களே மதுரைக்குக் காரில் போய்க் கொடுத்துக்கிடுதோம் என்றார். போனார். திரும்பி வந்தார். அன்றிலிருந்து கல்யாண வீட்டுக்காரர் மாதிரியே நடந்தார்.

தை பிறந்ததும் ஒருநாள் தன் பெண்டாட்டி பொன்மணி அத்தையையும் கூட்டிக்கொண்டு எங்க வீட்டுக்கு வந்தார். மண்டி வேனும் கூடவே வந்தது, பக்கத்துக் களத்தில் உளுந்து ஏற்ற. மாமா நடுவீட்டில் உட்கார்ந்து மேடத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார். "எல்லாரும் காதைத் தொறந்து கேட்டுக்கோங்க!"

"அண்ணாச்சி, போன்ல வேண்டாம். மகன் சாம்பிள்ல ஒரு குழப்பம். மறுபடி எடுக்கணும், நேர்ல வாங்க."

"என்ன குழப்பம்? எங்க வீட்ல ஒளிவு மறைவே கெடையாது. தைரியமாச் சொல்லுங்க!"

"வேண்டாம் அண்ணாச்சி."

"சொல்லுங்கம்மா!"

மேடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அது உங்க குடும்பத்து ஆளோட ரத்தமாத் தெரியல."

மாமா அவசரமாகப் போனை அமுக்கினார். ஆனால் அத்தை அதற்குள் எழுந்துவிட்டாள்.

"குடும்பத்து ஆள் இல்லையா? அப்ப நான் எவனுக்குப் பெத்தேன்? சொல்லும்வே! இத்தனை பேருக்கு முன்னால ஸ்பீக்கர் போட்டு என் மானத்தை வாங்கவா கூட்டிட்டு வந்தீரு?"

ஏமாற்றினேன் என்று சொன்னால் மாமா மானம் போகும். சொல்லாவிட்டால் அத்தை மானம் போகும். நியாயமாகப் பார்த்தால் சட்டென்று முடிவெடுக்க வேண்டிய விஷயம். மனுசன் எடை போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து வேன் டிரைவர் மணிராஜ் வாசலில் தலையை நீட்டினார். "அண்ணாச்சி, மூடையெல்லாம் ஏத்தியாச்சு."

அக்கா அவரையே பார்த்தாள். முத்துசெல்வம் வயசு, அதே உயரம். "மணிராஜ் அண்ணே, மதுரையில போய் ரத்தம் குடுத்தீங்களா?"

"ஆமாம்மா. அண்ணாச்சிதான் கூட்டிட்டுப் போனாவ. பிரியாணி கூட வாங்கிக் குடுத்தாவ."

அத்தை மாமாவை என்ன செய்தாள் என்பதை விட்டுவிடுகிறேன். அன்றைக்கு அக்கா மட்டும்தான் சத்தம் போடவில்லை. "மாமா, மணிராஜ் அண்ணனுக்கு நல்ல ரத்தம். அவருக்கு வேணா செண்பகத்தைக் குடுத்துருவோமா?" என்று கேட்டாள். மணிராஜ் வேனை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டார்.

அத்தை அன்றே மகனுக்குப் போன் போட்டாள். அவனுக்கு இந்தக் கூத்து எதுவும் தெரியாது. மறு வாரமே வந்து, நேராக மதுரைக்குப் போய் அவனே கையை நீட்டிவிட்டு வந்தான்.

முடிவு தெரிந்த ஞாயிற்றுக்கிழமை, அவன் எங்க வீட்டுக்கு வந்தான். பின்னாலேயே மாமாவும் அத்தையும். அவன் சுற்றி வளைக்கவில்லை. "எனக்கும் ஒரு மோட்டார்தான்" என்றான்.

மாமா விடவில்லை. "அதனால என்ன? பொறக்கிற பிள்ளையில நாலுல ஒண்ணுக்குத்தான் வருமாம். மூணு நல்லாருக்கும்லா?"

"அந்த நாலுல ஒண்ணு நான்தான் மாமா" என்றாள் அக்கா.

அவளே மேலும் சொன்னாள். "என்னைய மாதிரி ஒண்ணு பொறந்தா குடி முழுகிப் போயிராது. நான் சம்பாதிக்கேன், திங்கேன், உங்களையும் ஏசுதேன். ஆனா தெரிஞ்சே மறைச்சு, அதுக்குச் சோம்பேறின்னு பேர் வச்சு, பெறவு கால் தவறிட்டுன்னு கணக்கு முடிப்பீங்க பாருங்க, அது இனி இந்த வீட்ல நடக்காது. கட்டுததும் கட்டாததும் அவங்க ரெண்டு பேர் இஷ்டம். எல்லாம் தெரிஞ்சு செய்யட்டும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவனும் பார்த்தான். அடுப்படிக்குள் போய்விட்டேன். காபி ஆற்றுகிற சாக்கில் கொஞ்ச நேரம் ஆற்றிக்கொண்டே நின்றேன். கொண்டுவந்து முதல் டம்ளரை அவன் முன்னால் நீட்டினேன்.

"எடுத்துக்கோங்க அண்ணே."

மாமா விருட்டென்று எழுந்தார். "ஏட்டி! முறை தெரியாம என்னன்னு கூப்பிடுத? அத்தானை எவளாவது அண்ணேம்பாளா?"

ஒரு தடவை அண்ணன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அப்புறம் எங்க பக்கம் எந்தத் தாலியும் அதைத் தாண்டாது. அது மாமாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அக்கா என்னையே பார்த்தாள். அவள் கண் மட்டும் கலங்கிவிட்டது. அதை நான் பார்த்தேன் என்று தெரிந்தால் என்னைக் கொன்றுவிடுவாள்.

அவன் டம்ளரை வாங்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். வாங்கினான். ஒரு மடக்குக் குடித்தான்.

"சீனி பத்தல, தங்கச்சி" என்றான்.