பார்க்கிங்தான், வேறொன்றுமில்லை

வெள்ளிக்கிழமைதோறும் பகல் பன்னிரண்டரை மணிக்கு டெரக் ஹோல்ராய்ட் தன் வீட்டு வாசலுக்கு நேரே, சாலையோரத்தில், ஆரஞ்சு நிறக் கூம்பு ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறார். சாலையில் பள்ளம் தோண்டுகிறவர்கள் குறுக்கே வைப்பார்களே, அந்தக் கூம்பு. தண்ணீர்க் குழாய் வேலைக்கு வந்தவர்கள் மறந்துவிட்டுப் போனது என்பார் டெரக். அவர்கள் மறக்கும்வரை இவர் ஜன்னலோரம் காத்திருந்தார் என்பார் மனைவி மாவிஸ். வைத்த பிறகு இரண்டடி பின்னால் நகர்ந்து பார்ப்பார். ஊன்றுகோலின் நுனியால் ஓர் அங்குலம் இடப்பக்கம் தள்ளுவார். ஒரு காருக்கு வேண்டிய இடம் பத்திரமாகிவிட்டது. டெரக்கிடம் கார் கிடையாது. இடது காலில் ஆறாத புண் வந்ததும் விற்றுவிட்டார், ஆறு வருஷம் ஆகிறது.

அடுத்தது நோட்டு. கருநீல அட்டை, ரப்பர் வளையத்தில் செருகிய பென்சில். குவாரி தெருவின் கீழ்முனையிலிருந்து மேல்முனைவரை நொண்டிக்கொண்டே போய், நிற்கிற ஒவ்வொரு காரின் எண்ணையும் எழுதிக்கொண்டு திரும்புவார். எண்ணைப் பார்ப்பார், ஆளைப் பார்க்க மாட்டார். எதிரே வந்து வணக்கம் சொன்னால்கூடப் பென்சில் நின்ற பிறகுதான் பதில் வரும். நாற்பது வருஷம் பஸ் ஓட்டியவர், நேரம் தவறுவது அவருக்குப் பிடிக்காது.

தெருவின் மேல்முனையில் ‘கருங்காளை’ என்றொரு பப் இருந்தது. நாலு வருஷமாக மூடிக்கிடக்கிறது. ஜன்னலெல்லாம் பலகை அடித்து, கூரையில் புறாக்கள் குடித்தனம் நடத்துகின்றன. அதைத் தொழுகை இடமாக மாற்ற அனுமதி கேட்டு, சுற்றுப்பட்ட தெருக்களில் குடியிருக்கும் முஸ்லிம்கள் சென்ற வருஷம் நகரசபைக்கு எழுதினார்கள். ஹெப்பில்டன் நகரம் இரண்டாகப் பிளந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். பிளக்கவில்லை. கார் நிறுத்த இடமில்லையே என்று ஊர் முழுக்க ஒரே நாளில் கவலைப்பட ஆரம்பித்தது, அவ்வளவுதான்.

“எனக்கு அவங்கமேல ஒண்ணும் இல்ல, கண்ணு. பார்க்கிங்தான்.” இதை டெரக் ரொட்டிக்கடைப் பெண்ணிடம் சொன்னார், முடி வெட்டுகிறவரிடம் சொன்னார், சர்ச் வாசலில் நின்ற பாதிரியாரிடமும் சொன்னார். கிறிஸ்துமஸ் தவிர மற்ற நாளில் உள்ளே போகிற வழக்கம் இல்லாததால் பாதிரியாரோடு பேச்செல்லாம் வாசலோடு சரி.

இந்தக் கவலை அவருக்கு எப்படி வந்தது என்பது மைதானத்துப் பெஞ்சுக்குத்தான் தெரியும். புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் கிழவர்கள் கூடுகிற பெஞ்சு அது. டெரக் முதலில் எழுதிய ஆட்சேபக் கடிதம் நாலு பக்கம். ‘நம் வாழ்க்கைமுறை’ என்ற சொல் அதில் ஏழு இடத்தில் வந்தது. பாங்கு சத்தம், பெண்களின் முக்காடு, மசாலா வாசனை, டெரக்கின் அப்பா எந்தப் போரில் எங்கே சண்டை போட்டார் என்பது, எல்லாம் இருந்தது. பார்க்கிங் மட்டும் இல்லை. நகரசபையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற சிரில் அதைப் படித்துவிட்டு மடித்துக் கையில் கொடுத்தார்.

“இத அனுப்பினா நேரா குப்பைக்கூடைதான்யா. மதத்தப் பத்தி ஒரு வார்த்தை இருந்தாலும் தொட மாட்டாங்க. சட்டம் அப்பிடி.”

“அப்ப என்னதான் எழுதச் சொல்ற?”

“பார்க்கிங்னு எழுது. பார்க்கிங்னு எழுதினா மேசைக்கு வந்துதான் ஆகணும்.”

“எங்கிட்டக் காரே இல்லியேப்பா.”

“ஒனக்குக் கடவுள் நம்பிக்கைகூடத்தான் இல்ல. அதுக்காக நாலு பக்கம் எழுதாமலா இருந்த?”

அன்று மாலையே டெரக்குக்குப் பார்க்கிங் மேல் நிஜமான அக்கறை பிறந்துவிட்டது. வெறும் பொய்யராக இருந்திருந்தால் மன்னித்துவிடலாம். ஒரே வாரத்தில் தான் சொன்னதைத் தானே நம்பிவிட்டார், அதுதான் பொறுக்க முடியவில்லை. தொழ ஒருவர்கூட வராத இப்போதே வெள்ளிக்கிழமை மதியம் தெரு நிரம்பி வழிகிறது என்று காட்டிவிட்டால், வரப்போகிறவர்களுக்கு ஏது இடம்? அதற்குத்தான் நோட்டு. எட்டு வெள்ளிக்கிழமை எழுதினார். குழாய் ரிப்பேர்காரரின் வேன், கிழடுகளுக்குச் சூடாகச் சாப்பாடு கொண்டுவரும் வண்டி, வீடு வீடாகப் போய் நாய்க்கு முடி கத்தரிக்கிறவரின் வண்டி, எல்லாம் வெறும் எண்களாக அதில் ஏறின.

மாவிஸ் இதையெல்லாம் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“பப்பு இருந்தப்ப சனிக்கிழமையானா அறுபது காரு நிக்கும், டெரக். குடிச்சிட்டு வந்து நம்ம வேலியிலதான் ஒண்ணுக்கு அடிச்சானுங்க. அப்ப எங்க போச்சு ஒன் நோட்டு?”

“அது வேற.”

“வேறதான். அதுல பாதி நாள் வேலியோரம் நின்னது நீ.”

வாய் இவ்வளவு நீளமே தவிர, ஆட்சேப மனுவில் மாவிஸும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அடுப்பில் ஞாயிற்றுக்கிழமை இறைச்சி வெந்துகொண்டிருந்தது, சண்டை போடுவதைவிடக் கையெழுத்துப் போடுவது சுலபமாக இருந்தது.

டெரக்குக்கு முஸ்லிம் சிநேகிதர் ஒருவர் உண்டு. யாரும் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுவார். “பஷீர் வேற. பஷீர் நம்ம ஆளு.” ஒரே டிப்போவில் முப்பத்தோரு வருஷம் இருவரும் பஸ் ஓட்டினார்கள். இருபத்திரண்டு கிறிஸ்துமஸ் நாட்களில் டெரக்கின் முறையைப் பஷீர் ஓட்டினார். பனியில் ஆளில்லாத பஸ்ஸை அவர் மலைமேல் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்க, இவர் வீட்டில் காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு வான்கோழி அறுத்துக்கொண்டிருந்தார். ஒரே ஒருமுறை பஷீர் ஈத் பெருநாள் காலைக்கு முறை மாற்றிக்கொள்ளக் கேட்டார். அன்றைக்கு டெரக்குக்குப் பந்து விளையாட்டு இருந்தது. “ஃபைனலாச்சே. எப்பிடி விட முடியும்?” என்று இன்றைக்கும் நியாயம் கேட்பார். இவர் வீட்டுக்குள் பஷீர் வந்ததில்லை, பஷீர் வீட்டுக்குள் இவர் போனதில்லை. பஷீரின் வீடு பின்தெருவில், முன்னூறு காலடி தூரத்தில் இருக்கிறது.

பஷீருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. முழங்கால் இரண்டும் போய்விட்டது. வெள்ளிக்கிழமை தொழுகைக்கு ஊரின் மறுகோடிக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறார், தானே ஓட்டிய அதே தடத்தில். கருங்காளை திறந்தால் நடந்து போய்விட்டு நடந்து வரலாம். டெரக்குக்கு இது நன்றாகத் தெரியும். “பாவம் பஷீரு, முட்டி வலியோட ரெண்டு பஸ்ஸு” என்பார், சொல்லிக்கொண்டே கூம்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போவார்.

ஹெப்பில்டனில் சகிப்புத்தன்மைக்குக் குறைவே இல்லை. பல்வலியையும் மைத்துனரையும் சகிக்கிற மாதிரி எல்லா மதத்தையும் சகிப்பார்கள். பக்கத்தில் வந்து உட்காராதவரைக்கும்.

பஷீரின் மகள் நசீம் வீடுவீடாகப் போகும் நர்ஸ். வெள்ளிக்கிழமை குவாரி தெருவில் அவருக்கு இரண்டு வீடு. முதலில் ஒன்பதாம் எண்ணில் படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாள், பிறகு ஒரு மணிக்கு டெரக்கின் கால். டெரக்கின் வாசலில் கூம்பு நிற்பதால் தன் சாம்பல் நிறக் காரைக் கருங்காளைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, கனத்த பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வருவார். தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, பழைய கட்டைப் பிரித்து, புண்ணைக் கழுவி, புதுக் கட்டுப் போடுவார். மாவிஸ் அந்த நேரத்தில் தோட்டத்துக்குப் போய்விடுவார், வாசனை தாங்காது. நசீம் ஆறு வருஷத்தில் ஒருநாள்கூட மூக்கைச் சுளித்ததில்லை.

“நீயெல்லாம் தங்கம், கண்ணு,” என்பார் டெரக். “எல்லாரும் ஒன்ன மாதிரி இருந்துட்டா பிரச்சினையே இல்ல.”

“எல்லாரும் என்ன மாதிரி இருந்துட்டா இந்த ஒத்தக் காலுக்கு நாப்பது பேர் வந்து நிப்போம், மிஸ்டர் ஹோல்ராய்ட். கால ஆட்டாதீங்க.”

டெரக் விழுந்து விழுந்து சிரிப்பார். பிறகு அதை மைதானத்துப் பெஞ்சில் போய்ச் சொல்வார், தன் பரந்த மனசுக்குச் சாட்சியாக.

அனுமதிக் குழு ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் நகரசபை மண்டபத்தில் கூடியது. டெரக் டிப்போக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போனார். ஆளுக்கு மூன்று நிமிஷம். அவருக்கு இரண்டே போதுமானதாக இருந்தது.

“என் கால்ல வாராவாரம் கட்டுப் போடுறது யாரு? ஒரு முஸ்லிம் பொண்ணு! எனக்கு டிப்போவுல உயிர்ச் சிநேகிதன் யாரு? ஒரு முஸ்லிம்! அப்பிடிப்பட்ட ஆளா நானு? எனக்கு அவங்கமேல ஒண்ணுமே இல்லீங்க. பார்க்கிங்தான்.”

கைத்தட்டல். கடைசி வரிசையில் தகப்பனோடு உட்கார்ந்திருந்த நசீமைப் பார்த்து டெரக் கையை உயர்த்திக் காட்டினார், இதோ என் ஆட்கள் என்கிற மாதிரி. அதன்பிறகு நகரசபை அதிகாரி, டெரக் கொடுத்திருந்த நோட்டின் எண்களைத் திரையில் போட்டார். எட்டு வெள்ளிக்கிழமையும் தவறாமல் வந்த வண்டி ஒன்றே ஒன்று. அதைச் சிவப்பெழுத்தில் காட்டி, “இது வழக்கமா வெளியிலிருந்து வந்து எடத்த அடைக்கிற வண்டி” என்று விளக்கினார். மண்டபம் உச்சுக்கொட்டியது. நல்லவேளை விடாமல் எழுதினோம் என்று டெரக் நினைத்துக்கொண்டார்.

பஷீர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“நான் கார்ல வர மாட்டேங்க. வீட்டுலேருந்து முன்னூறு காலடி. நடந்து வருவேன். எங்கள்ல பாதிப் பேர் நடந்துதான் வருவாங்க. இந்த ஊருல முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினவன், எந்தத் தெருவுல நெரிசல், எந்தத் தெருவுல இல்லன்னு எனக்கு...”

முட்டிவலியோடு எழுந்து நிற்கவே இரண்டு நிமிஷத்துக்குமேல் போயிருந்தது. மணி அடித்துவிட்டார்கள். நாலுக்கு ஐந்து என்ற கணக்கில் அனுமதி மறுக்கப்பட்டது. காரணம், கார் நிறுத்த இடப் பற்றாக்குறை. இந்த முடிவுக்கும் மதத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று தலைவர் இரண்டு முறை சொன்னார். ஒரு முறையோடு நிறுத்தியிருந்தால் நம்பியிருக்கலாம்.

வெளியே படிக்கட்டில் டெரக் கையை நீட்டிக்கொண்டு வந்தார். “பஷீரு, தப்பா எடுத்துக்காத. ஒன்னச் சொல்லல.”

பஷீர் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். “பஸ்ஸுக்கு நேரமாச்சு, டெரக்” என்றார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை நல்ல மழை. ஜெயித்த மனிதருக்குத் தாராள மனசு வருவது இயல்பு. பன்னிரண்டரைக்கு வைத்த கூம்பைப் பத்தே நிமிஷத்தில் டெரக் எடுத்து உள்ளே நடையில் வைத்தார். நசீம் நனையாமல் வாசலிலேயே காரை விட்டுக்கொள்ளட்டும் என்றார் மாவிஸிடம். மாவிஸ் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மழையென்றும் பாராமல் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

ஒரு மணிக்கு வர வேண்டிய நசீம் ஒன்று இருபதுக்கு வந்தார். முக்காட்டிலிருந்தும் பையிலிருந்தும் தண்ணீர் சொட்டியது.

“கார் எங்க, கண்ணு? ஒனக்காகக் கூம்ப எடுத்து வச்சிருந்தேனே.”

“கீழ சூப்பர்மார்க்கெட்ல விட்டுட்டு வந்தேன்.”

“அங்கேருந்தா? இந்த மழையில மேட்டுல நடந்தா?”

“இந்தத் தெருவுல பார்க்கிங் கஷ்டம்னு சொன்னாங்க, மிஸ்டர் ஹோல்ராய்ட்.” மண்டியிட்டு உட்கார்ந்து, துணியை மெதுவாகப் பிரிக்க ஆரம்பித்தார்.

“அடடே, அது ஒன்னச் சொன்னதில்ல கண்ணு. நீ வேற, ஒங்கப்பா வேற...”

“செவப்புல போட்டாங்களே ஒரு நம்பர். எட்டு வாரமும் வந்த வண்டி. அது என்னுது.”

ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருந்தது.

“நம்பரத்தான எழுதினேன். யாருதுன்னு நான் பாக்கலியே.”

“ஆமா,” என்றார் நசீம். “பாக்கல.”

புண்ணைக் கழுவினார், மருந்து வைத்தார், எப்போதும்போல் விரலால் ஓரத்தை நீவி நீவிக் கட்டினார். “இறுக்கமா இருக்கா?” என்று கேட்டார். இல்லை என்று டெரக் தலையாட்டினார்.

நசீம் பையைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தார். இறக்கத்து வளைவில் அவர் மறையும்வரை பார்த்தார். குவாரி தெருவில் மேல்முனையிலிருந்து கீழ்முனைவரை ஒரு கார்கூட நிற்கவில்லை. கருங்காளைச் சுவரோரம் தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

டெரக் ஊன்றுகோலை எடுத்தார். நடையில் இருந்த கூம்பைத் தூக்கிக்கொண்டு, புதுக் கட்டு நனைய நனைய வெளியே போய், வாசலுக்கு நேரே பழைய இடத்தில் வைத்தார். இரண்டடி பின்னால் நகர்ந்து பார்த்தார். பிறகு கோலின் நுனியால் ஓர் அங்குலம் இடப்பக்கம் தள்ளினார்.