நைனாவுக்காக விட்ட உப்பு

நைனாவுக்கு இருதயம் தளர்ந்துவிட்டது, அதனால்தான் கால் வீங்குகிறது, உப்பைக் குறைத்தே ஆகவேண்டும் என்று பொன்னேரியில் டாக்டர் சொன்ன அன்று, பஸ்ஸில் திரும்பும்போதே என் தங்கை ஆரம்பித்தாள்.

"அக்கா, நைனா உன் ஊட்லயே இருக்கட்டும். அதும் வாயக் கட்ட என்னால ஆவாது. உன் கையில துன்னாதான் பொழைக்கும்."

அம்மா போனதிலிருந்து அவர் அவளோடுதான் இருந்தார். கோட்டைக்குப்பத்தில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையில் ஒரு தெருதான். அன்று சாயந்திரமே துணிப்பையோடு வந்துவிட்டார்.

கருவாட்டிலும் கடல்மீனிலும் ஊறிய நாக்கு அது. உப்புக்குப் பதிலாக எதைக் கொடுப்பது என்று யோசித்து எலுமிச்சைக்கு வந்து சேர்ந்தேன். பொன்னேரி மார்க்கெட்டில் கூடூர் எலுமிச்சை நல்லதாகக் கிடைக்கும். தோலின் மேல்பூச்சை மட்டும் துருவ வேண்டும், வெள்ளை சேர்ந்தால் கசக்கும். சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் பிழிய வேண்டும். மடவை மீனில் மிளகும் பூண்டும் தடவி வேகவைத்துக் கடைசியில் பிழிந்தால், நாக்கின் ஓரம் சுண்டும். கொஞ்ச நேரத்துக்கு உப்பின் நினைப்பே வராது. எனக்கு அப்படித்தான் இருந்தது.

டீக்கடை பிஸ்கட்டை நிறுத்தியதால் அதற்கு ஈடாகக் கேக் செய்து பார்த்தேன். ஆப்ப சோடாவும் உப்பு மாதிரிதான், போடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் முட்டையைக் கை கடுக்க நுரைவரும்வரை அடித்து, மாவும் சர்க்கரையும் எலுமிச்சைத் துருவலும் சேர்த்தேன். பழைய குக்கரின் ரப்பரையும் வெயிட்டையும் கழற்றி, அடியில் மணல் பரப்பிச் சின்னத் தீயில் வைத்தேன். முதலில் செய்ததெல்லாம் செங்கல் மாதிரி வந்தது. ஒருநாள் எழும்பியது. வீடு முழுக்க எலுமிச்சை வாசனை.

"இன்னாமா இது, பேக்கரில கூட இப்டி வராது" என்றார் நைனா. அந்தச் சந்தோஷத்திலேயே பல மாதம் ஓடியது எனக்கு.

அவர் மட்டும் சப்பென்று தின்பதைப் பார்க்கப் பொறுக்காமல் நானும் உப்பை விட்டேன். வீட்டுக்காரருக்குத் தனியாக எடுத்துவைத்து அதில் மட்டும் போடுவேன்.

மத்தியானம் பேத்தியோடு சாப்பிடணும் என்று டிபன் டப்பாவைத் தங்கை வீட்டுக்கு எடுத்துப்போவார் நைனா. சாயந்திரம் டப்பா கழுவித் திரும்பி வரும்.

"நல்லாருந்துச்சா நைனா?"

"சூப்பரு."

ஆனால் கால் வீக்கம் வடியவில்லை. மறுபடி பொன்னேரிக்குப் போனோம். டாக்டர் காலை அழுத்திப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்கதான சமைக்கிறீங்க? உப்பு போடறீங்கம்மா."

"இல்ல சார்."

"பொய் சொல்லி யாருக்கு லாபம்?"

வெளியே காத்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, என் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தேன். நைனா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை என் தோளைத் தொட்டு, "உடுக்கா, அவருக்கு இன்னா தெரியும்" என்றாள். ஊர்த் தண்ணீரில் உப்பு இருக்கிறதே, அதுதான் காரணமோ என்று பயந்து, அடுத்த நாளிலிருந்து சமைப்பதற்குக்கூடக் கேன் தண்ணீர் வாங்கினேன்.

தங்கை மகளின் பிறந்தநாள் வந்தது. கேக் செய்து, சூடு ஆறியதும் தட்டில் மூடி, மத்தியானமே எடுத்துப்போனேன். பின்பக்கமாக நுழைந்தபோதே கருவாட்டுக் குழம்பு மணத்தது. நைனா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தட்டில் சோறு குவிந்திருந்தது, தங்கை கரண்டியில் இன்னும் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். சுவரோரம் என் டப்பா திறந்து கிடந்தது. எலுமிச்சை பிழிந்து காலையில் நான் செய்த இறாலைக் கோழிகள் கொத்திக்கொண்டிருந்தன.

"இன்னா நைனா இது?"

அவர் சின்னப் பிள்ளைபோலத் தட்டைக் கையால் மறைத்தார். தங்கைதான் பேசினாள்.

"கத்தாதக்கா. ஒரு வேளதான. வாயே செத்துப்போச்சுனு அழுவுது."

"எத்தினி நாளா நடக்குது?"

"நீ இட்டுகினு போனதுலேர்ந்துதான்."

"டாக்டராண்ட நான் சத்தியம் பண்ணப்போ என் தோளத் தொட்டியே, அப்பவும் தெரியுமா உனக்கு?"

அவள் கரண்டியைக் குழம்புச் சட்டியில் போட்டாள். நைனாதான் தலை நிமிராமல் சொன்னார்: "நீ ஆசையா செஞ்சிக் குடுக்கிற. வாயில வைக்க முடியலனு எப்டிமா சொல்றது?"

கேக்கை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சரிபார்த்துக்கொண்டிருந்த மீன்வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும். நீ சங்கடப்படுவனு கம்முனு இருந்துட்டேன்" என்றார். இன்னும் யார் யாருக்குத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் எனக்கும் உப்புப் போட்டுக் குழம்பு வைத்துக்கொண்டேன். ஒரு வாய்கூட இறங்கவில்லை. கடல் தண்ணீரைக் குடித்ததுபோல இருந்தது, துப்பிவிட்டேன். அத்தனை பேரில் நாக்கு மாறிப்போனது எனக்கு மட்டும்தான். அதற்குத்தான் அழுதேன்.

நைனாவின் துணிப்பையை நானே கொண்டுபோய்த் தங்கை வாசலில் வைத்தேன். இப்போது அவர் அங்கேதான் இருக்கிறார். பொன்னேரிக்கு அவளே கூட்டிப்போகிறாள், திட்டும் அவளே வாங்குகிறாள். போன மாதம் வந்து நின்றாள்.

"அக்கா, உப்பில்லாம எப்டி செய்வ? கொஞ்சம் சொல்லிக்குடு."

ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுத்தேன். "சரிக்கா, செய்றேன்" என்று தலையாட்டினாள். செய்கிறாளா என்று எனக்குத் தெரியாது. அந்தத் தலையாட்டலை நம்ப முடியவில்லை. யார் தலையாட்டினாலும் இப்போது அப்படித்தான் இருக்கிறது.

தெருவில் பார்த்தால் நைனா, "சாப்ட்டியாமா?" என்று கேட்கிறார். "ஆச்சு நைனா" என்கிறேன். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சு வருவதில்லை.